மல்லாந்து கிடந்த பதின்மூன்று மணித்தியாலம்: ஒரு புலிமுகச் சிலந்தி தோலுரித்த கதை

குழி வெட்டியாகிவிட்டது. முருங்கையடியில் ஒரு சாண் ஆழம். பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூவும் பிடுங்கி வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் மருமகன் எனக்குப் போன் எடுத்தான்.

"மாமா, கோலம் செத்துப்போச்சு. மல்லாக்காக் கிடக்கு."

கோலம் என்பது அவன் போத்தலில் வைத்திருந்த சிலந்தி. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "என்ன செய்யிறது தம்பி, தாட்டுவிடு" என்றுதான் வாயில் வந்தது. இருபத்திரண்டு வருடமாக உயிரியல் படிப்பிக்கிற ஒருவன் சொன்ன பதில் அது. போனை வைத்து இன்னும் இரண்டு தாள் திருத்திய பிறகுதான் உறைத்தது. திருப்பி எடுத்துக் கேட்டேன்.

"கால் எல்லாம் உள்ளுக்குச் சுருண்டு கிடக்கோ, விரிஞ்சு கிடக்கோ?"

"விரிஞ்சுதான் கிடக்கு. ஏன்?"

"ஒண்டையும் தொடாதை. நான் வாறன்."

வந்து சேர்ந்த விதம்

அக்கா வீடு இலங்கையின் வடக்கே, வன்னியில், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு கிராமத்தில். கிராமத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன், சிலந்தியின் இனப்பெயரையும் விடுகிறேன். இடமும் இனமும் ஒரே பக்கத்தில் அச்சேறினால் அடுத்த மாதமே பிடித்து விற்கிறவர்கள் வந்து நிற்பார்கள். இந்தப் பேரினத்துக்கு, பொயிசிலொதீரியாவுக்கு, வெளிநாட்டில் நல்ல விலை உண்டு. 2019 இல், காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைற்றீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இதைச் சேர்த்ததற்கு அந்த வியாபாரமும் ஒரு காரணம். இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது இல்லை.

வன்னிக்கும் இதற்கும் உள்ள உறவு அவ்வளவு சின்னதல்ல. 2009 இல் மாங்குளத்தில் ஊர்ச்சனம் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தியை ஆய்வாளர்களிடம் காட்டினார்கள். தேடியபோது பழைய மரப்பொந்துகளிலும், மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதியிலும் இன்னும் சில கிடைத்தன. 2012 இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. தேடலில் கூடவே நின்ற பொலிஸ் பரிசோதகர் மைக்கல் ராஜகுமாரின் பெயரால் அதற்கு 'ராஜேயி' என்று பெயர். கால் விரித்தால் கிட்டத்தட்ட 20 சென்ரிமீற்றர், சாப்பாட்டுக் கோப்பை அளவு. மன்னார்ப் பக்கம் இன்னொன்று இருக்கிறது. அது முதலில் இராமேஸ்வரத்தில் கண்டு 2004 இல் பெயரிடப்பட்டது. கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே சிலந்தி.

எங்கள் சனத்துக்கு இவை எல்லாம் புலிமுகச் சிலந்திதான். கண்டவுடன் விளக்குமாற்றைத் தேடுவார்கள்.

கோலம் வந்தது விறகோடு. பங்குனியில் அத்தான் பட்டுப்போன பாலை மரக்குற்றி ஒன்றைக் கொத்தும்போது பொந்துக்குள் இருந்து விழுந்தது. கோடரி பட்டதோ, கொப்பு நசித்ததோ, இடப்பக்கம் இரண்டாவது கால் அடியோடு இல்லை. துண்டித்த இடத்தில் நீலம் கலந்த ஒரு துளி கசிந்து காய்ந்திருந்ததாக மருமகன் சொன்னான். அவன் பார்த்தது சரி. எங்கள் இரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையைச் சிலந்தியில் செம்பு செய்கிறது. பதினான்கு வயசுப் பொடியன், பாவம் பார்த்து, கடையில் இனிப்புப் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்ரிக் போத்தலுக்குள் ஒரு மரப்பட்டையையும் வைத்து விட்டுவிட்டான். முதுகில் இருந்த வெள்ளையும் கறுப்புமான கோடுகளைப் பார்த்து அவனுடைய தங்கச்சி வைத்த பெயர் கோலம்.

இதை வளர்ப்புப் பிராணி என்று எழுதக் கை கூசுகிறது. காட்டில் இருக்க வேண்டியதைக் காயம் ஆறும்வரை வைத்திருந்தார்கள் என்று எழுதினால்தான் எனக்கு நித்திரை வரும். காயம் ஆறிய பிறகும் மூன்று மாதம் போத்தலில் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வைத்திருப்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆத்திரப்போடா, அதாவது கணுக்காலிகள், படிப்பிக்கும்போது உதவும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு நாள் பட்டினி

வைகாசி முழுக்கக் கிழமைக்கு ஒரு கரப்பொத்தான் தின்றது. ஆனி நடுவில் நிறுத்தியது. மருமகன் கொப்பியில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தபடியால்தான் முப்பத்தெட்டு நாள் என்று எண்ணிச் சொல்ல முடிகிறது.

அந்த முப்பத்தெட்டு நாளும் அந்த வீட்டில் நடந்தது ஒரு சின்ன வைத்தியசாலை. கரப்பொத்தான் பிடிக்கவில்லையாக்கும் என்று தத்துவெட்டி போட்டார்கள். அதையும் தொடவில்லை. சின்னத் தத்துவெட்டி பிடிப்போம் என்று பிள்ளைகள் இரண்டும் வயல் வரம்பெல்லாம் திரிந்தார்கள். தங்கச்சிக்காரி பால் தோய்த்த பஞ்சு வைத்தாள். உயிர் இருக்கிறதா என்று தினமும் காலையில் போத்தலைத் தட்டிப் பார்த்தார்கள், சில நாள் சாய்த்தும் பார்த்தார்கள். நிறம் மங்கி, முதுகுக் கோலம் தண்ணீர் ஊற்றிக் கழுவினதுபோல் ஆகிவிட்டது. பட்டையின் வாயில் தடித்த வெள்ளை வலை பின்னி உள்ளே போய் இருந்துவிட்டது.

உணவை மறுக்கும், நிறம் மங்கும், அசைவு குறையும், வலை தடிக்கும். தோலுரிக்கப்போகும் சிலந்தியின் அறிகுறிகள் அத்தனையும் அந்தக் கொப்பியில் வரிசையாக இருந்தன. கொப்பியை எனக்குக் காட்டவும் செய்தான். "சூட்டுக்குத்தான் தின்னாமல் இருக்கு" என்று சொல்லிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தவன் நான்தான்.

புறவன்கூடு, அதாவது உடம்புக்கு வெளியே கடினமான கூடு, உள்ள எதுவும் வளர வேண்டுமென்றால் அதைக் கழற்றத்தான் வேண்டும். கைற்றின் என்ற விறைப்பான பொருளால் ஆன அந்தக் கூடு எங்கள் தோல்போல் இழுபடாது. பழைய கூட்டுக்கு அடியில் புதுக்கூடு மடிப்பு மடிப்பாகத் தயாராகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம் சுரந்து பழையதின் உட்பக்கத்தைக் கரைக்கும். அந்த வேலை நடக்கிற கிழமைகளில் சிலந்திக்குப் பசி இருக்காது. வளர்ந்த பெரிய சிலந்தி மாதக்கணக்கில் தின்னாமல் இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது தண்ணீர் இல்லாததற்குத்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

இரவு

நான் போய்ச் சேர்ந்தபோது ஏழரை. ஆடிக் கடைசி, சோளகம் வீசிக்கொண்டிருந்தது. போத்தல் இருந்தது பத்திக்குள், தகரக் கூரைக்குக் கீழே. பகல் முழுக்கச் சூடேறின தகரம் இரவிலும் அனல் விட்டுக்கொண்டிருந்தது. ஆறு பத்துக்கு அது மல்லாந்து கிடந்ததைக் கண்டதாக மருமகன் குறித்திருந்தான்.

நான் கேட்ட கேள்விக்கு இங்கே காரணம் சொல்லிவிடுகிறேன். சிலந்தியின் காலில் மடக்குகிற தசை இருக்கிறது, ஆனால் முக்கியமான மூட்டுகள் இரண்டில் நீட்டுகிற தசை இல்லை. உடம்புத் திரவத்தை அழுத்தி அனுப்பித்தான் காலை நீட்டுகிறது. வயலுக்கு இறைக்கிற மிசினில் பூட்டுவோமே தட்டைக் குழாய், தண்ணீர் வந்தால் விறைத்து நிமிரும், மிசின் நின்றால் தொய்ந்து சுருங்கும், அதுதான். சாகிற சிலந்தியில் அழுத்தம் போய்விடும். மடக்குகிற தசை மட்டும் மிஞ்சி, எட்டுக் காலும் வயிற்றுக்குக் கீழே கைப்பிடி மூடினதுபோல் சுருளும். பெரும்பாலும் நிமிர்ந்தபடியே சாகும். மல்லாந்து, கால் விரித்துக் கிடக்கிறது என்றால் அது தோலுரிக்கப் படுத்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் உயிரோடு தாட்ட சிலந்திகள் எத்தனையோ.

வழக்கமாக மரத்தில் வாழ்பவை பொந்துக்குள், தாங்கள் பின்னின வலைக்குழலுக்குள்ளேயே இதைச் செய்து முடிக்கும். கோலம் போத்தலின் அடியில், வெறும் பிளாஸ்ரிக்கில் கிடந்தது. பட்டையில் இருந்த வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. தினமும் தட்டினதும் சாய்த்ததும் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். மருமகனுக்கு அதை அன்றிரவு சொல்லவில்லை.

முதல் வேலையாகத் தத்துவெட்டியைத் தேடினேன். காலையில் போட்ட ஒன்று பட்டைக்குப் பின்னால் உயிரோடு இருந்தது. இந்த நிலையில் சிலந்தியால் ஒரு தத்துவெட்டியைக்கூடத் தள்ள முடியாது. மென்மையான புதுத் தோலில் அது ஒரு கடி கடித்தால் கதை முடிந்தது. நீண்ட சாமணத்தால் மெல்ல எடுத்து வெளியில் விட்டேன். கையை உள்ளே விடவில்லை, விடவும் கூடாது. தென்னமெரிக்க டரன்டுலாக்கள்போல் இவை அரிக்கிற மயிரை உதறுவதில்லை, ஆனால் கடி பொல்லாதது. தசைப்பிடிப்பு நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும்.

இரண்டாவது ஆபத்தைக் கண்டது அம்மா, பிள்ளைகளின் அம்மம்மா. எட்டு மணிக்கு மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்தா. "கண்ணூறு பட்டிருக்கு, தெளிக்கட்டே?" என்றா. வேண்டாம் என்றேன். கோபித்துக்கொண்டு குசினிக்குப் போனவ, சாப்பாட்டு அலுமாரியின் கால்களுக்கு வைக்கிற நாலு தண்ணீர்ச் சிரட்டையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தா.

"உந்த மேசைக் காலுக்கு வை. எறும்பு வந்தால் உதால எழும்ப ஏலுமே?"

அந்த இரவில் யாராவது பிரயோசனமான காரியம் ஒன்று செய்தார்கள் என்றால் அது அம்மா செய்ததுதான். தோலுரிக்கும் திரவத்தின் ஈரம் எறும்பை இழுக்கும். பத்திச் சுவரோரம் அப்போதே ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. படிப்பித்த எனக்கு எறும்பு ஞாபகம் வரவில்லை.

ரோச் வெளிச்சத்தைச் சிவப்புக் கடுதாசியால் மூடி, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்தோம். கொப்பியில் உள்ளதை அப்படியே சுருக்கித் தருகிறேன். பதினொன்று இருபதுக்குத் தலைநெஞ்சின், அதாவது தலையும் நெஞ்சும் ஒன்றான முன்பகுதியின், விளிம்பில் வெடிப்பு. பன்னிரண்டு பத்துக்கு முதுகோடு முழுவதாகக் கழன்றது, ரின்மீன் மூடியைக் கடைசி ஒட்டு விட்டுத் திறந்து வளைத்ததுபோல். உள்ளே ஈரமான, பால் கலந்த சாம்பல் நிறத்தில் புது உடம்பு. ஒரு மணிக்கு வயிற்றின் இரு பக்கமும் கிழிந்து பழந்தோல் நுனிப்பக்கம் சுருங்கியது. அதுவரை எல்லாம் சரி. பத்து விநாடிக்கு ஒருமுறை உடம்பு முழுக்க ஓர் உந்தல். ஒவ்வொரு உந்தலுக்கும் கால்கள் பழைய உறைக்குள் இருந்து மயிரிழை மயிரிழையாக மேலே வந்தன.

ஒன்றரைக்கு உந்தல் குறைந்தது. இரண்டு மணிக்கு மூன்று நிமிடத்துக்கு ஒன்று. கால்கள் பாதி உள்ளே, பாதி வெளியே.

வளர்ந்த சிலந்திக்கு இதெல்லாம் சில மணித்தியால வேலை. கால்கள் உறைக்குள் இருக்கும்போதே திரவம் காய்ந்துவிட்டால் இரண்டு தோலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் தானாகக் கழலாது. சோளகக் காற்று, தகரச் சூடு, போத்தலில் மருமகன் சுற்றிவரப் போட்ட நாற்பது ஓட்டை. நான் போத்தலைச் சாக்கால் சுற்றிக் காற்றை மறித்தேன், ஈரத்துணி ஒன்றை வெளியில், ஓட்டைகளின் மேல் போட்டேன். அவ்வளவுதான் செய்ய இருந்தது. மருமகன் என் கையைப் பிடித்தான்.

"மாமா, மெதுவா ஒரு காலை மட்டும் இழுத்துவிடுங்கோவன். கஷ்டப்படுது."

உண்மையைச் சொன்னால் சாமணம் என் கையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் உதவி என்பது சாமணத்தின் நுனியில் நிற்கிறதுபோல்தான் தெரிந்தது. புதுக்கால் அப்போது பாலில் ஊறிய பாண்போல் இருக்கும். இழுத்தால் உறையோடு காலும் வரும், அல்லது மூட்டுப் பிளந்து திரவம் வெளியேறும். அழுத்தத்தால் நடக்கிற இயந்திரத்தில் ஓட்டை விழுந்தால் மீதிக் கால்களையும் கழற்றப் பலம் இருக்காது. சாமணத்தை அவனிடமே கொடுத்து, அக்காவின் தையல்பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். தூரமாக இருக்கட்டும் என்றுதான்.

மூன்று மணிக்கு அவன் வாங்கிலேயே நித்திரையாகிவிட்டான். இரண்டு தரம் எனக்கும் அது செத்துவிட்டது என்றே பட்டது. வட்ஸ்அப்பில் தெரிந்த ஒருவரைக் கேட்கலாமா என்று போனை எடுத்து, நேரத்தைப் பார்த்து வைத்தேன். நாலே முக்காலுக்கு ஓர் உந்தல், பின்னாலேயே இன்னொன்று, பிறகு தொடர்ச்சியாக. ஏழு பத்துக்கு உறை தனியாக, சிலந்தி தனியாக. வலப்பக்கக் கடைசிக் காலின் நுனி மட்டும் உறைக்குள்.

மிச்சம்

அதன் பிறகும் மதியம்வரை அது மல்லாந்தே கிடந்தது. அது இயல்பு, கால் விறைக்க நேரம் எடுக்கும். அக்காவுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்த எனக்குத்தான் தேநீர் மூன்று தேவைப்பட்டது.

சிக்கின காலுக்குத் தூரிகை நுனியால் ஒரு துளி வெதுவெதுப்பான தண்ணீர், மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, உறையின் மேல் மட்டும். சிலந்தி மூச்சு விடுகிற புத்தக நுரையீரல் நாலும் வயிற்றின் அடியில்தான் இருக்கின்றன, அங்கே தண்ணீர் போகக் கூடாது. உறையில் பாதி கழன்றது, மீதி கழலவில்லை. நாலாம் நாள் காலை அந்தக் கால் போத்தலின் அடியில் தனியே கிடந்தது. அடிமூட்டில் தானே கழற்றிவிட்டிருந்தது. இவற்றுக்கு அது முடியும். அதேநேரம், பங்குனியில் போன இடப்பக்க இரண்டாவது கால் திரும்பி வந்திருந்தது, மற்றவற்றைவிட மெலிந்து, கொஞ்சம் கட்டையாக, நிறம் வெளிறி. ஒன்று வந்து ஒன்று போய், கணக்கு மறுபடி ஏழில்தான் நின்றது.

நச்சுப்பல் முதல் நாள் பச்சைத் தேங்காய்ச் சொட்டுப்போல் வெள்ளை. நாலாம் நாள் செம்பு நிறம். ஒன்பதாம் நாள் கறுப்பு. அது கறுக்குமட்டும் இரை போடக் கூடாது. மென்பல்லால் கரப்பொத்தானைக் குத்தினால் பல் வளையும். பன்னிரண்டாம் நாள் போட்டோம், போட்ட கையோடு பாய்ந்து பிடித்தது. அதற்கு முன், இரண்டாம் நாள் இரவு, சோடாப்போத்தல் மூடியில் வைத்த தண்ணீரில் வாயை வைத்து நெடுநேரம் அப்படியே இருந்தது. நான் மணி பார்த்தேன், பதினேழு நிமிடம்.

அந்தப் பதினேழு நிமிடம்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. அதுவரை போத்தலில் தண்ணீர் மூடி ஒன்று இருந்ததேயில்லை. பஞ்சு ஒன்று இருந்தது, கிழமைக்கு இரண்டு தரம் நனைப்பார்கள், இந்தக் காற்றுக்கு அது அரை நாளில் காய்ந்துவிடும். காயம், சூடு, கிழிந்த வலை எல்லாம் தங்கள் பங்கைச் செய்திருக்கும். ஆனாலும் காலை நீட்டுவதும் கூட்டை உடைப்பதும் உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால் என்றால், முப்பத்தெட்டு நாள் தாகத்தோடு இருந்த சிலந்தி இரண்டு மணிக்கு ஏன் நின்றுபோனது என்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. மல்லாந்த பிறகு தெளிக்கிற தண்ணீர் அதற்கு உதவாது. குடிக்க வேண்டிய காலம் அதற்கு முந்தின கிழமைகள். சாப்பாடு, சாப்பாடு என்று வயல் வரம்பெல்லாம் ஓடின வீட்டில் ஒரு மூடி தண்ணீர் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, கொப்பியைப் பார்த்த எனக்கும்.

உரித்த தோலைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து மருமகனோடு விரித்துப் பார்த்தேன். கால், பல், கண் மேலிருந்த ஆடி, நுரையீரலின் உட்பூச்சு, இரைப்பையின் உட்பூச்சு எல்லாம் கழன்று வந்திருந்தன. முன் நுரையீரல் இரண்டுக்கும் நடுவில் விந்து சேமிக்கும் பையின் சுவடு தெரிந்தது. பெண். பெண்கள் முதிர்ந்த பிறகும் உரித்துக்கொண்டே போகும். ஆண்கள் முதிர்ந்தால் அதோடு சரி. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவ.

"உதுக்கு மட்டும் கடவுள் புதுக்கால் குடுக்கிறார் என்ன" என்றா.

ஐப்பசியில் முதல் மழை விழுந்தவுடன் விட்டுவிடுவது என்று முடிவானது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் கள அலுவலர் ஒருவரிடம் போனில் சொன்னேன். எடுத்த இடத்திலேயே, பொழுதுபட்ட பிறகு விடுங்கள் என்றார். விறகு தறித்த காட்டோரத்தில் இன்னொரு பாலை நின்றது, ஆளுயரத்தில் பொந்து. போத்தலின் வாயைப் பொந்தில் பிடித்து, பட்டையோடு சாய்த்தோம். முன்காலை நீட்டி மரத்தைத் தொட்டுப் பார்த்தது, பின்வாங்கியது, பிறகு போனது. மருமகன் அழவில்லை. பொந்துக்குக் கீழே ஒரு சோடாமூடியில் தண்ணீர் வைத்துவிட்டு வந்தான், மழை பெய்துகொண்டிருக்கும்போது.

கிழமைக்கு ஒருமுறை ரோச்சோடு போய்ப் பார்க்கிறான். கார்த்திகையில் ஒரு நாள் இரவு போன் எடுத்தான்.

"மாமா, ஆளைக் காணேல்லை. ஆனா பொந்து வாயில வலை புதுசு."